எதிர் வரிசை வீடு

கதவு எண்ணுக்கான கட்டத்தில் நாற்பத்தேழு என்று அடித்தேன். கணினி ஏற்கவில்லை. 'இந்த எண் ஆய்வுப் பகுதிக்குள் இல்லை' என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. விரல் தவறியிருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடியும் அடித்தேன். மறுபடியும் அதே வரி. அந்த வரியை அந்தச் சிவப்பில் காட்டச் சொன்னதே நான்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் நிரல் எழுதித் தந்தவரிடம், "தப்பா அடிச்சா அது கோவப்படணும்பா, கெஞ்சக் கூடாது" என்று கேட்டு வாங்கினேன். நன்றாகத்தான் செய்து கொடுத்திருக்கிறார்.

மேசைக்கு அந்தப் பக்கம் குடையார் உட்கார்ந்திருந்தார். எங்கள் களப்பணியாளர்களில் வயதில் மூத்தவர். மழையோ வெயிலோ இல்லாத நாளிலும் குடையோடு வருவார் என்பதால் அந்தப் பெயர். ஆனால் குடை விரிந்து நான் பார்த்ததில்லை, அது தெருநாய்களுக்காக. அவர் கொண்டுவந்த படிவம் என் முன்னால் இருந்தது. இறந்தவர் ஆண். வயது ஐம்பத்திரண்டு. கல்மாவு ஆலையில் பத்தொன்பது வருஷம். இறந்தது போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு. காரணம் நுரையீரல், மருத்துவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்கா. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமான படிவம் என் மேசைக்கு அதுவரை வந்ததில்லை. தகவல் தந்தவர் என்ற இடத்தில் 'மனைவி' என்று இருந்தது.

"அந்தம்மாவே பக்கத்துல உக்காந்து சரி பாத்தாங்க சார்," என்றார் குடையார். "அழுத்தி எழுதுங்கண்ணே, இல்லன்னா கார்பனுக்கு அடிக் காப்பில விழாதுன்னாங்க. எனக்குக் கையே ஓடல."

அந்த மனைவி எங்கள் ஃபாரம் அக்கா. எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு சந்துபொந்தெல்லாம் அந்தப் பெயர்தான். ஆய்வுக்குப் படித்த பிள்ளைகளை அனுப்பிப் பார்த்தோம். வாசலில் நின்று, "சர்க்கரை வியாதி உண்டா?" என்று கேட்பார்கள், "இல்லை" என்று பதில் வரும், எழுதிக்கொண்டு திரும்புவார்கள். அக்கா அப்படிக் கேட்டதே இல்லை. படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள். தண்ணீர் வருவதற்குள் அலமாரியில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எண்ணிவிடுவாள். "பீடி, சிகரெட்டுத் தொட்டதே இல்லம்மா" என்று சத்தியம் செய்த ஒரு மனிதரிடம், "அண்ணே, தீப்பெட்டி இருக்குமா, அடுப்பு அணைஞ்சு போச்சு" என்று கேட்டிருக்கிறாள். அவர் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். எங்கள் வீடு மூன்று தலைமுறை ஜவுளி வியாபாரம். ஆள் வாயால் சொல்வது ஒன்று, கை போகிற இடம் ஒன்று என்பதை நான் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

ஆய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்காக வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஆயிரத்து நூறு வீடுகள். முக்கால்வாசிப் பேருக்கு, கல்லை மாவாக அரைக்கிற ஆலைகளில் வேலை. சாயங்காலம் வேலை விட்டு வரும்போது புருவம், மூக்குமுடி எல்லாம் வெளுத்து, இருபது வயதுப் பையன்கூட அறுபது வயதுக்காரனாக வருவான். குளித்ததும் இருபதுக்குத் திரும்புவான். கொஞ்ச வருஷம் போனால் குளித்தாலும் திரும்புவதில்லை. அங்கே வாழ்வதால் அந்த உடம்புகளுக்கு என்ன ஆகிறது என்று ஆறு மாதத்துக்கொரு முறை வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். யார் வந்தார், யார் போனார், யார் இருமுகிறார், யார் இறந்தார்.

முதல் அறிக்கை வந்தபோது நானே அசந்துபோனேன். அந்தத் தெருக்களில் சாவு குறைவு. மரநிழல் போட்ட பங்களாத் தெருக்களைவிடக் குறைவு. மேடையில் வாசித்தேன், கை தட்டினார்கள். குடியேறி வருகிறவர்கள் உடலும் மனமும் உறுதியானவர்கள் என்று யாரோ எழுந்து வியாக்கியானம் வேறு செய்தார். வியாபாரி மகனுக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்: சரக்கு நியாயத்துக்கு மேல் மலிவாக வந்தால் மடிப்புக்குள் எங்கேயோ கிழிசல் இருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை. மாநகராட்சிக்காரர்களுக்கு உடனே உறைத்தது. அந்தப் பகுதிக்கு ஒரு மார்பு நோய் மருத்துவமனை கேட்டு மனு போயிருந்தது, "உங்க ஆளுங்க எங்களைவிட நல்லா இருக்காங்களே சார், அவங்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று என் அறிக்கையையே என்னிடம் விரித்துக் காட்டினார் ஓர் அதிகாரி.

கிழிசல் எங்கே என்று கண்டுபிடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் பிடித்தது. அங்கே யாரும் சாவதில்லை. மூச்சு முட்ட ஆரம்பித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ படுத்து, நாலு மாதத்தில் கண்ணை மூடுகிறார்கள். எங்கள் ஏட்டில் 'இடம் பெயர்ந்தார்' என்று குறியீடு ஒன்பது. இறக்கும் நாளில் எல்லைக்குள் இருப்பவரை மட்டுமே நாங்கள் இறந்தவராக எழுத முடியும். ஊர் ஊராகப் போய்த் தேட எங்களுக்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை.

இதைக் களப்பணியாளர்களின் கூட்டத்தில் விளக்கினேன். சும்மா விளக்கியிருந்தால் பாதகமில்லை. கேட்பவர்கள் தூங்கிவிடக் கூடாதே என்று நகைச்சுவை சேர்த்தேன். "நம்ம ஏட்டுல எல்லாரும் சிரஞ்சீவிங்கப்பா. உடம்பு கெட்டா ஆளு பஸ் ஏறிடறான். எமன் பாசக்கயிறோட வந்து கதவத் தட்டினாலும், குறியீடு ஒம்பது, வீடு பூட்டியிருக்குன்னு எழுதி நம்மகிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் போகணும்." கூடமே சிரித்தது. குடையார் குடையைத் தரையில் தட்டிச் சிரித்தார். பின் வரிசையிலிருந்து அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இங்கயே இருந்து போனாத்தான் கணக்கா சார்?"

"ஆமாக்கா. இங்க இருந்தாத்தான்," என்றேன். சிரிப்பு வாங்கிய மிதப்பில் இருந்தேன். கேட்டவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கணவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டுப் போன அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அலுவலக வாசலுக்கு வந்திருந்தார். மெலிந்த ஆள், பெரிய சிரிப்பு. "சார், உங்க நோட்டுல எனக்கு என்ன வியாதி போட்டிருக்கு?" என்றார். "நீங்க சொன்னதுதான். இருமல்," என்றேன். "அது போதும் சார். கூட எதையும் சேத்துராதீங்க, வீடு சின்னது" என்று சொல்லிவிட்டு, சிரித்த சிரிப்பு இருமலாக மாறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"குடையாரே, அவங்க வீட்டுக் கதவு எண் நாப்பத்தெட்டு. மூணாவது மாடி. நீங்க நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கீங்க," என்றேன்.

"வீடு மாறிட்டாங்க சார். அவரால மாடி ஏற முடியல. அம்பத்தோரு படி. கக்கூசு வேற கீழ. அஞ்சு மாசம் முன்னாடி நேர் எதிர்ல தரைத்தளம் காலியாச்சு, கட்டிலக் கொண்டாந்து போட்டுட்டாங்க." அவர் குடையின் கைப்பிடியைத் துடைத்தார். "உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் மாறினேன்னாங்களே சார்."

கேட்டாள். நினைவு இருந்தது. நடைபாதையில், நான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன், சாவி திரும்பாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "சார், வீடு மாறினா கணக்குல இருந்து விட்டுப் போயிருமா?" "எங்க, வெளியூருக்கா?" "இல்ல சார், இங்கதான். எங்க தெருவுலயே." "பகுதிக்குள்ளன்னா ஒண்ணும் பிரச்சன இல்லக்கா, நம்பர மாத்தி எழுதிக்கலாம்." சாவி திரும்பிவிட்டது. நான் போய்விட்டேன். எந்த வீடு, எந்த வரிசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அளவு கேட்காமல் துணியைக் கிழித்த முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான்.

அந்த எல்லைக் கோட்டை வரைந்ததும் நான்தான். மேற்கே ரயில் பாதை, வடக்கே கால்வாய், தெற்கே ஆலைச் சுவர்; மூன்று பக்கமும் கோடு தயாராக இருந்தது. கிழக்கேதான் எதுவும் இல்லை, வீடுகள் போய்க்கொண்டே இருந்தன. எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும். வரைபடத்தில் ஒரு தெருவைப் பிடித்து, நடுவில் அளவுகோலை வைத்து இழுத்தேன். இரட்டை எண் வரிசை உள்ளே, ஒற்றை எண் வரிசை வெளியே. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அந்தத் தெருவில் குடியிருப்பவளுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் யாரும் வியாதியைச் சொல்ல மாட்டார்கள் என்பதால், அவரவர் தெருவை அவரவருக்குக் கொடுப்பதில்லை என்று விதி வைத்திருந்தோம். அக்காவுக்குக் கால்வாய்ப் பக்கம். அவள் தெரு குடையாருக்கு. அவரிடம் இருந்தது உள்வரிசைப் பட்டியல் மட்டும். எதிர்வரிசை ஏன் அதில் இல்லை என்று அவரும் யோசித்ததில்லை.

"ஊருக்கு அனுப்பியிருக்கலாமே," என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"ரெண்டு தடவ டிக்கெட் எடுத்தாராம் சார். ரெண்டு தடவயும் அந்தம்மா வேணாம்னு சொல்லி ரத்து பண்ணிட்டாங்க. அவரோட தங்கச்சி அங்க இருக்கு. அது வீட்டுல போய்ப் படுத்துக்கறேன்னு அவருக்கு ஆச." குடையார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க அன்னைக்கு எமன் ஜோக்கு சொன்னீங்கல்ல சார். அப்பவே அவருக்கு ஆரம்பிச்சிருச்சாம். யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."

குடையார் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு நான் என்னோடு பேரம் பேசினேன். நாற்பத்தேழை அழித்து நாற்பத்தெட்டு என்று அடித்தால் கணினி வாயை மூடிக்கொள்ளும். ஒரே ஓர் எண். பன்னிரண்டு தப்படி அகலத் தெரு. இந்தப் பக்கம் செத்தாலும் அந்தப் பக்கம் செத்தாலும் நுரையீரலில் இருந்தது அதே ஆலையின் கல். எல்லாம் உண்மை. ஆனால் ஆலைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நிபுணரை வைத்திருந்தார்கள். எங்கள் ஒவ்வொரு சாவையும் கதவு கதவாகப் போய்ச் சரிபார்ப்பதுதான் அந்த ஆளுக்கு வேலை. போன வருஷம் ஒரே ஒரு வயதுப் பிழையைப் பிடித்து, மொத்த ஆய்வும் கட்டுக்கதை என்று இரண்டு மாதம் பறையடித்தார். இந்தச் சுற்றில் எப்படியோ முப்பத்தொரு சாவுகளை நாங்கள் உறுதி செய்திருந்தோம். ஒரு பொய் எண் அந்த முப்பத்தொன்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். விலை படியவில்லை. படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆலைகள் ஓடுகிற சத்தம் தெருவின் அடியில் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. நாற்பத்தேழின் வாசலில் வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் திருப்பி அனுப்பத் தயாராக இருந்தன. ஒற்றை அறை. கட்டில் இல்லை, கட்டில் இருந்த இடம் மட்டும் தரையில் வெளுப்பாக, நான்கு கால் தடத்தோடு. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். வேலையில் இருக்கும்போது எழுவது போலவே எழுந்தாள்.

சமையல் மேடைப் பக்கம் இன்னொரு பெண், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய அதே பெரிய வாய். தங்கை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்கதான் அந்த ஆராய்ச்சி சாரா?" என்றாள். துணியைக் கீழே வைக்கவில்லை.

"ஆமாம்மா."

"ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னேன் சார். எங்க வீட்டுக்காரரு வண்டிய வாங்கிட்டு வந்து நின்னேன். பஸ்ஸுல இருந்து எல்லாரும் எறங்குறாங்க, எங்கண்ணன் எறங்கல. போன் பண்ணா அண்ணி, 'இன்னும் கொஞ்ச நாள் ஆவட்டும்'ங்கறாங்க. எதுக்குன்னு கேட்டா கணக்குல எழுதணுமாம். நான் படிக்காதவ. சாவுற மனுசன எதுக்கு எழுதணும்னு எனக்குத் தெரியல. அவன் போயிட்டான். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." அவள் அண்ணியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "எழுதிட்டீங்களா?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. தீர்ப்பு தன் பக்கம் வரப்போகிறது என்று தெரிந்தவள் சாட்சியைப் பார்க்கிற பார்வை. நாத்தனாருக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று நாளாக அறுந்து கிடந்த ஏதோ ஒன்று, என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயம் போகவே போகாது என்று சொல்லிப் பாதிப் புடவைகளை விற்ற குடும்பம் எங்களுடையது. எனக்கு அந்தக் குரல் வரும்.

"எழுதியாச்சும்மா," என்றேன்.

தங்கை துணியை உதறி மேடைமேல் விரித்தாள். "அப்ப சரி," என்றாள். "அவனுக்கும் எதுலயாவது பேர் வரணும்னு ஆசதான். ரேஷன் கார்டுலகூட தப்பாத்தான் இருக்கும்." அப்புறம், அண்ணி பக்கம் திரும்பாமலே, "அண்ணி, சாருக்குத் தண்ணி குடுங்க. நீங்களும் ஒரு வாய் குடிங்க, காலைல இருந்து ஒண்ணும் குடிக்கல," என்றாள்.

தண்ணீர் குடித்தேன். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். கிளம்பினேன். அக்கா வாசல்வரை வந்தாள், வாசல் தாண்டியும் வந்தாள். செருப்புப் போட்டுக்கொள்ளவில்லை.

"சீட்டுக் குடுத்துட்டுப் போங்க சார்."

ஒரு சாவுப் படிவம் கணினியில் ஏறினால், பதிவு எண் போட்டு ஒரு துண்டுச் சீட்டு வரும். செத்தவர் வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்தப் பகுதியில் அதிகமாகச் சீட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"நாளைக்குக் குடையார்கிட்ட குடுத்து விடறேன்க்கா."

அவள் நின்றாள். "ஏத்தின கையோட வருமே சார் சீட்டு. நாளைக்குன்னா ஏறலன்னு அர்த்தம். நானே எத்தன பேருக்கு நாளைக்குன்னு சொல்லியிருக்கேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். கோடு தெரு நடுவில் போகிறது என்று சொன்னேன். "எந்தத் தெரு?" என்று கேட்டாள். "இந்தத் தெருக்கா," என்றேன். அன்றைக்கு எந்த வீடு என்று கேட்காதது என் தப்பு என்றேன். பழைய எண்ணைப் போட்டுவிடுகிறேன், எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது.

"போடாதீங்க," என்றாள். "ஆலைக்காரங்க வச்சிருக்காங்களே, அந்த ஆளு வந்து கேப்பான். நாப்பத்தெட்டுல இப்ப வேற குடும்பம் இருக்கு. அஞ்சு மாசமா நாங்கதான் இருக்கோம்னு சொல்லிடுவாங்க. எல்லாம் போயிரும். மத்த வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணாங்க?" நான்கு வருஷமாக இந்த வேலை செய்கிறவள் பேசினாள். பிறகுதான் அவள் குரல் கீழே வந்தது. "மொதல்ல சிரிச்சாரு சார். ஏண்டி, நான் ஒருத்தன் செத்து ஒரு ஆஸ்பத்திரி கட்டணுமான்னாரு. ஒண்ணொண்ணா சேந்தாத்தாங்க நூறாகும்னேன். சரி விடு, உனக்காக ஒண்ணாயிடறேன்னாரு. கடைசி ஒரு வாரம் எதுவும் பேசல. பஸ் எத்தன மணிக்குன்னு மட்டும் கேப்பாரு. ஒம்பதுக்குன்னு சொல்லுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பாரு."

அவள் தெருப் பக்கம் திரும்பினாள்.

"கோடு எங்க போகுது சார்? காட்டுங்க."

"அக்கா, வேணாம்..."

"காட்டுங்க."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். வெயிலில் தார் இளகியிருந்தது. ஐந்தாவது தப்படியில் நின்று திரும்பினாள். "இங்கயா?" இன்னும் ஒன்று வைத்தாள். "இங்கயா சார்?" தெருவின் நடுவில் ஒரு பழைய தண்ணீர்க் குழாய்ப் பள்ளத்தை மூடிய ஒட்டு, கொஞ்சம் கறுப்பாக நீண்டு போனது. அளவுகோல் ஏறக்குறைய அங்கேதான் இருந்திருக்கும். அதைத்தான் பார்த்தேன் போல. என் கண் போன இடத்தை அவள் பிடித்துவிட்டாள். அதன்மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றாள்.

தண்ணீர் லாரி ஒன்று முனை திரும்பி வந்தது. ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை. நாற்பத்தேழின் வாசலில் தங்கை வந்து நின்று, "அண்ணி!" என்றாள், பிறகு அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், மறுபடி கூப்பிடவில்லை. அக்கா ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். அங்கிருந்து என்னைப் பார்த்தாள். காலை மறுபடி இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்ட வாயைத் திறந்தவர், என்ன கண்டாரோ, மூடிக்கொண்டார். இன்ஜினை அணைத்தார். லாரித் தொட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிச் சக்கரத்தின் அடியிலிருந்து மெல்ல ஓடி வந்து, அவள் வெறுங்கால்களைச் சுற்றிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பரவிக்கொண்டிருந்தது.